எவரும் கேளாத மீன்தலை

உலக யுத்தத்துக் குண்டு எங்கள் துறைமுகத்தில் விழுந்து சில நாட்களில், ஒரு சாப்பாட்டுக் கடை பூட்டப்பட்டதற்காக வளர்ந்த ஆண்கள் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே காலியாகிக் கிடக்கிறது. சனம் மூட்டை முடிச்சோடு குச்சவெளிப் பக்கமும் நிலாவெளிப் பக்கமும் ஓடிவிட்டது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்து முடியவில்லை. கொடியில் போட்ட சேலை காய்வதற்குள் கரி பிடிக்கிறது. என் புருஷன் போன இடம் தெரியவில்லை. இவர்களுக்கோ சோறும் சொதியும் போய்விட்டதே என்ற கவலை. என்ன மனிதர்களப்பா என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, வாய்விட்டும் சொன்னேன்.

கடை, துறைமுக வாசலுக்குப் போகும் தெருவில் இருந்தது. ஓலை வேய்ந்த நீளக் கொட்டில். இரண்டு மேசை, இருக்க நாலு வாங்கு, பின்னால் அடுப்புப் புகை மண்டிய குசினி. துறைமுகத்தில் சாமான் ஏற்றி இறக்குகிறவர்கள் மத்தியானச் சங்கு ஊதியதும் அங்கேதான் வந்து விழுவார்கள். அதற்குப் பின் ஒழுங்கையில் எங்கள் வீடு. கடைக்கு வேண்டிய மிளகாய்க் கூட்டையும் தேங்காயையும் அரைத்துக் கொடுத்தது என் புருஷனின் தாயான மாமியும் நானும்தான். ஆனால் அரைத்ததை வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் நீட்டுவதோடு சரி. முன்பக்கம் நான் போனதே இல்லை. ஆம்பிளைகள் இருந்து சாப்பிடுகிற இடத்தில் எங்களுக்கு என்ன வேலை?

என் புருஷனும் அங்கேதான் சாப்பிட்டார். வீடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, நான் உலை வைத்துவிட்டு இருக்கிறேன், இவர் கடையில் போய் உட்காருவார். கேட்டால், "கூட வேலை செய்யிறவங்களை விட்டிட்டு எப்படியப்பா தனிய வாறது?" என்பார். எனக்கு அதில் தீராத கோபம். என் கையால் அரைத்த கூட்டை இன்னொருவன் கறியாக்கி என் புருஷனுக்குப் போடுகிறான் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவர் சிரிப்பார். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அதனால் கோபம் நீளாது.

அன்று விடியற்காலை அவர் வேலைக்குப் போனவர். பிறகு விமானங்கள் வந்தன. நாங்கள் பதுங்கு குழிக்குள் கிடந்து எழும்பி வந்தபோது, அவருடைய கூட்டத்தார் ஏறி நின்ற சரக்கு வள்ளம் கட்டியிருந்த இடத்தில் வள்ளம் இல்லை. சிலரைக் கண்டெடுத்தார்கள். சிலரைக் காணவில்லை. காணாமற்போனவர்களைப் பற்றி ஆளுக்கொரு கதை. நீந்திக் கரையேறினார்கள் என்றார்கள், இராணுவ லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள், பயத்தில் காட்டுக்குள் ஓடியவர்கள் இன்னும் திரும்பவில்லை என்றார்கள். அதில் பொய்யும் இல்லை. செத்துவிட்டான் என்று வீட்டார் அழுது முடித்த ஒருவன், தாடியும் மீசையுமாகத் திரும்பி வந்ததை நானே கண்டேன். அப்படியென்றால் என்னவர் ஏன் வரக்கூடாது?

கடை முதலாளி யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆள். வண்டியில் சாமான்களை ஏற்றிவிட்டு, எங்கள் வேலிப் படலைக்கு வந்து சாவியை மாமியிடம் நீட்டினார்.

"நான் இனி இஞ்ச இருக்க மாட்டன். திறக்கிறதெண்டால் நீங்கள் திறவுங்கோ. இல்லாட்டி அது பூட்டிக் கிடக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டுக் கடைக் கூரையைத் திரும்பிப் பார்த்தார். எரிச்சல் பட்ட எனக்கே பாவமாக இருந்தது.

மாமி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவள் அதை எடுப்பதாக இல்லை. நான்தான் எடுத்தேன். இரண்டு பெண்கள் ஆம்பிளைகளுக்குச் சோற்றுக் கடை போடுவதா என்று ஒழுங்கையில் மிச்சம் இருந்த சனம் மூக்கில் விரல் வைத்தது. வயிற்றுப் பிழைப்புக்காக என்று அவர்களுக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதி இதுதான்: அவர் உயிரோடு இருந்தால், எங்கே சுற்றினாலும் ஒரு நாள் மத்தியானம் பசியோடு அந்தக் கடைக்குத்தான் வருவார். வந்து பார்க்கிறபோது கடை பூட்டிக் கிடக்கக்கூடாது.

முதல் நாள் சங்கு ஊதியது. வந்தார்கள். வாங்கில் வரிசையாக இருந்தார்கள். நான் குசினி வாசலில் நின்று, "என்ன வேணும்?" என்றேன். மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். திரும்பவும் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிவிட்டேன் போல இருந்தது எனக்கு.

"உங்களுக்கு என்ன, வாய் கட்டியிருக்கோ?" என்று சீறினேன்.

கிண்ணியாவிலிருந்து வள்ளத்தில் வந்து வேலை செய்கிற முஸ்லிம் ஒருவர் இருந்தார், எல்லோருக்கும் அவர் நானா. அந்தக் கூட்டத்தில் வயதானவர், நரைத்த தாடி. அவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கோவிக்காத பிள்ளை. முதலாளி ஒருநாளும் எங்களைக் கேட்டதில்லை. ஆருக்கு என்ன எண்டு அவருக்குத் தெரியும். போடுவார், திண்டிட்டுப் போவம்."

"அப்ப எனக்குச் சாத்திரம் பார்க்கத் தெரியவேணுமோ?"

"தெரியாட்டில் பழகவேணும்" என்றார் நானா. மற்றவர்கள் சிரித்தார்கள். குண்டு விழுந்த பிறகு அந்தத் தெருவில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது.

பழகினேன். ஒருவருக்குத் தேங்காய்ப்பால் சொதி சோற்றின் மேல் விழக்கூடாது, பக்கத்தில் ஓட வேண்டும். ஒருவருக்குச் சம்பல் இல்லாவிட்டால் முகம் சுருங்கும். நானாவுக்கு வால் துண்டு. குறைப்படாத நாள் இல்லை. உறைப்புக் காணாது, புளி கூடிப்போச்சு, முதலாளியின் கைப்பக்குவம் வேறு. அரிசி கிடைக்காத காலம். கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசியோடு மரவள்ளியையும் அவித்துப் போட்டால், "முதலாளி இருந்திருந்தா எங்கையாவது தேடிப் பிடிச்சிருப்பார்" என்று ஒருவன் பெருமூச்சு விட்டான். "அப்ப அவரை யாழ்ப்பாணத்தில போய்த் தேடிப் பிடியும்" என்றேன். ஆனாலும் மறுநாள் அதே ஆட்கள், அதே இடத்தில். போனவரையே திரும்பக் கொண்டுவந்து நிறுத்து என்றுதான் எல்லோரும் என்னிடம் எதிர்பார்த்தார்கள். அது ஏலாத காரியம் என்று எனக்குத் தெரியும். நானும் அதே எதிர்பார்ப்போடுதான் கதவைத் திறந்து வைத்திருந்தேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கடை திறந்த அந்த வாரத்திலேயே ஒன்று நடந்தது. பானையின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி, அதில் மீன் குழம்பை ஊற்றி ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தேன். யாருக்காவது பிடிக்குமே என்றுதான். ஒருவரும் அந்தப் பக்கம் கை நீட்டவில்லை. மரவள்ளிக்கு முகம் சுளிக்கிறவர்கள் அடிச்சோற்றைத் தொடாமல் இருக்கிறார்களே என்று எனக்கு வியப்பு. நாலாவது வாங்கின் ஓரத்தில் இருந்த ஒரு ஆள் திடீரென்று எழும்பி நின்றார். "அந்த அடிச்சோத்தை இண்டைக்கு எனக்குத் தாங்கோ" என்றார். உடனே எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கை சோற்றுப் பீங்கானில் இருக்க, வாய் அசையவில்லை. அந்த மனிதர் அடிச்சோற்றைத் தின்றார். கண்ணீர் மீசையில் இறங்க இறங்கத் தின்று முடித்தார். பிறகு மற்றவர்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். மறுநாள் அடிச்சோற்றுக்கு நான் நீ என்று போட்டி.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை கழுவ வந்த நானாவை மறித்துக் கேட்டேன். அவர் சொன்னது இது. சல்லி என்ற ஊரின் கரையில் கரைவலை இழுக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. கடலுக்குப் போன ஒருவன் திரும்பவில்லை என்றால், அவனுடைய பங்கு மீனை நாளாந்தம் ஒதுக்கி வைப்பார்கள், ஒருவரும் தொடமாட்டார்கள். அவன் செத்ததைக் கண்ணால் கண்டவன் ஒருவன் வந்து அந்தப் பங்கைக் கேட்டு வாங்கித் தின்றால்தான் அவன் செத்தவன். அதுவரைக்கும் உயிரோடு இருக்கிறவன். கடலுக்குப் போகிறவர்கள் துறைமுக வேலைக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் கடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அடிச்சோறு, குண்டில் போன ஒருவர் இந்தக் கடையில் நாளும் தின்ற பங்கு. கேட்டு வாங்கியவர், பக்கத்தில் நின்று கண்டவர்.

கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன்: "அப்ப நானா, எங்கட அவருக்கு என்ன பங்கு?"

நானா கையைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "பாரை மீன் தலை" என்றார்.

"என்ன கண்டறியாத கதை! அவர் தலை தின்னமாட்டார். வீட்டில தலையைத் தொடவே மாட்டார். மாமிக்குத்தான் எடுத்து வைப்பார்."

"இஞ்ச திண்டவர் பிள்ளை. கண்ணையும் உறிஞ்சி எடுத்துத்தான் விடுவார்."

அன்று மாமியிடம் போய்ச் சொன்னேன். அவள் அம்மிக்கு முன்னால் இருந்தாள். குழவி நின்றது. "எனக்கு மீன் தலை விருப்பமில்லையடி மோனை" என்றாள். "அவன் ஆசையாத் தாறான் எண்டுதான் இவ்வளவு காலமும் திண்டனான்." பிறகு மிளகாயை அரைக்கத் தொடங்கினாள். தாயும் மகனும் ஒருவருக்காக ஒருவர் பிடிக்காததைத் தின்றும் பிடித்ததை விட்டும் இருந்திருக்கிறார்கள். இடையில் நான் ஒரு விசரி, ஒன்றும் தெரியாமல் பரிமாறிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அன்றிலிருந்து நாளும் ஒரு மீன் தலையைச் சமைத்தேன். நிலாவெளியிலிருந்து மீன் கொண்டுவருகிறவளிடம் பாரை இருந்தால் பாரை, இல்லாவிட்டால் கிடைத்தது. அதைத் தனிக் கிண்ணத்தில் போட்டு மேசை நடுவில் வைப்பேன். வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று ஆட்களின் கையைப் பார்ப்பேன். கறி வாங்க ஒரு கை நீண்டால் என் நெஞ்சு அடைக்கும். அது சொதிக் கிண்ணத்துக்குப் போனால் மூச்சு வரும். அவர் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். இன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. இப்படியே ஒவ்வொரு நாளாக என் புருஷனை உயிரோடு வைத்துக்கொண்டு இருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அந்தத் தலை தனியே கிடக்கும். வெள்ளைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு. அதை நானும் தின்னமாட்டேன், மாமியும் தின்னமாட்டாள். ஒருநாள் வீட்டு வளவில் கொட்டப் போனேன். எங்கிருந்தோ காகங்கள் வந்து வேலியில் இருந்தன. காகம் தொட்டால் அது பிதிருக்கு வைத்த சோறாகிவிடும். "போ சனியனே, போ!" என்று கத்தினேன். கல்லைப் பொறுக்கி எறிந்தேன். கை சோரும்வரைக்கும் எறிந்தேன். பிறகு முருங்கை மரத்தடியில் குழி தோண்டி அதைப் புதைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பின் நாளும் அப்படித்தான். அந்த மரத்தைக் கடக்கும்போதெல்லாம் நிலத்துக்குள்ளிருந்து ஒரு கூட்டமே என்னைப் பார்ப்பதாகப்பட்டு எனக்கு உடம்பு கூசும்.

மத்தியானங்களில் அவர் வந்தார் என்றே சொல்வேன். சங்கு ஊதுவதற்குச் சற்று முன்னால், தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாத அந்த நேரத்தில், வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். அவர் செருப்பைக் காலால் உதறித்தான் கழற்றுவார். ஒன்று ஒரு மாதிரி விழும், மற்றது வேறு மாதிரி விழும். அகப்பையோடு ஓடிப்போய்ப் பார்ப்பேன். வெயில் மட்டும் நிற்கும். ஒழுங்கைப் பெண்கள் என் நெற்றிப் பொட்டைப் பார்த்துப் பார்த்துக் குசுகுசுத்தார்கள். ஒருத்தி கிணற்றடியில் வைத்துக் கேட்டேவிட்டாள்: "இன்னும் எத்தினை நாளைக்குத்தான் பொட்டோட திரியப் போறாய்?" வாளித் தண்ணீரை அவள் காலடியில் ஊற்றிவிட்டு வந்தேன். மேலே ஊற்றியிருக்க வேண்டும்.

வாங்கின் கடைசியில் ஈச்சிலம்பற்றுப் பெடியன் ஒருவன் இருப்பான். பெடியன் என்று சொன்னாலும் கல்யாணத்துக்கு நிற்கிற வயது. என்னவருடைய அதே கூட்டத்தில் வேலை செய்தவன். கடை திறந்த புதிதில், அவரைக் கண்டாயா என்று அவனிடமும் கேட்டிருந்தேன். "நான் அண்டைக்கு வேலைக்குப் போகேல்லை அக்கா, காய்ச்சல்" என்றான். நம்பினேன். அவன் மேசை நடுவைப் பார்க்கவே மாட்டான். மீன் போட்டால் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சொதியோடு மட்டும் விழுங்கிவிட்டு எழும்புவான். எவ்வளவு வெயில் என்றாலும் கழுத்தைச் சுற்றிச் சால்வை.

ஒரு நாள் கை கழுவக் குனிந்தபோது அவனுடைய சால்வை நழுவியது. காதிலிருந்து தோள்வரைக்கும் தோல் உருகிக் காய்ந்து, புதுத்தோல் வெளிறிப்போய் மூடியிருந்தது. காய்ச்சலோடு வீட்டில் படுத்தவனுக்கு எப்படி நெருப்புச் சுட்டது? அவன் சால்வையை இழுத்து மூடிக்கொண்டு நிமிர்ந்தான். நான் பார்த்ததை அவனும் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானே என்ற பயம். அவனும் சொல்லவில்லை. என் பொட்டை அழிக்கிற வேலை தன்னுடையதாகிவிடக்கூடாது என்று அவனுக்கும் பயம் இருந்திருக்கும். இருவருமாகச் சேர்ந்து ஒரு மனிதரைச் சாகவிடாமல் பிடித்துக்கொண்டு இருந்தோம். ஆடி மாதம் பிறந்து, சோளகக் காற்று கூரையோலையைப் பிய்க்கத் தொடங்கும்வரைக்கும் அப்படியே போனது.

அந்த மாதத்தில் ஒரு மத்தியானம். பெடியன் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது குசினிக்குக் கேட்டது. "நாளைக்கு ஊருக்குப் போறன் அண்ணை. நெல்லு வயல் வெட்டு. இனி இஞ்சால வரமாட்டன். அம்மா விடமாட்டாவாம்."

என் கையில் அகப்பை இருந்தது. இவன் போய்விட்டால் இனிக் கேட்க ஒருவரும் இல்லை. அந்த வள்ளத்திலிருந்து தப்பி வந்த வேறு எவரையும் நான் அறியேன். நான் கிழவியாகும்வரைக்கும் தலையைச் சமைக்கலாம், புதைக்கலாம், செருப்புச் சத்தத்துக்கு ஓடலாம். அவர் ஒருநாளும் சாகமாட்டார். ஒருநாளும் வரவும் மாட்டார். எனக்குச் சட்டென்று களைத்துப்போய்விட்டது. அவரை நினைத்தும் பாவமாக இருந்தது, வாசலிலேயே எவ்வளவு காலம் நிற்பார்?

நான் வெளியே போனேன். மேசை நடுவிலிருந்த கிண்ணத்தை எடுத்தேன். பெடியனுக்கு முன்னால் போய் நின்று, அவனைக் கேட்காமல், அந்தத் தலையை அவனுடைய சோற்றின் மேல் வைத்தேன்.

வாங்குகளில் எல்லாக் கையும் நின்றது. அவன் சாவைக் கண்ணால் காணாதவன் என்றால் அதைத் தள்ளி வைக்க வேண்டும், அதுதான் முறை. தள்ளி வை, தம்பி, தள்ளி வை என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு கழுத்துச் சால்வையை அவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, குனிந்து, தின்னத் தொடங்கினான். முள்ளில் சதை மிச்சம் விடாமல், கண்ணையும் உறிஞ்சித் தின்றான். அவர் எப்படித் தின்பார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவன் கடைசி முள்ளை வைக்கும்வரைக்கும் நான் நின்றேன். காற்றில் கூரையோலை படபடத்ததைத் தவிர ஒரு சத்தமும் இல்லை.

குசினிக்குள் வந்தேன். மாமி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். வெளியில் விழுந்த அமைதியே அவளுக்குப் போதுமாயிருந்தது.

"ஆர் திண்டது?" என்றாள்.

"ஈச்சிலம்பற்றுப் பெடியன்."

"முழுக்கத் திண்டவனோ?"

"ஓம் மாமி."

அவள் எரிந்துகொண்டிருந்த கொள்ளிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள். தண்ணீர் தெளித்தாள். செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பிறகு தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மகனைக் கூப்பிட்டு ஒரு குரல் எடுத்தாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது இப்போது துடக்கு வீடு. செத்த வீட்டுக் குசினிச் சோற்றை எவரும் தொடமாட்டார்கள். வாயில் வைத்ததையும் துப்பிவிட்டு எழும்பிப் போவார்கள். கூலி வேலைக்காரர்கள், காலையிலிருந்து மூட்டை சுமந்தவர்கள், பாதிச் சோற்றில் இருக்கிறார்கள். ஓடிப்போய் வாசலில் நின்று சொன்னேன்: "எல்லாரும் மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்களுக்குத் துடக்கு. எழும்புங்கோ, கடை பூட்டப் போறன்."

ஒருவரும் எழும்பவில்லை. பாதியில் நின்ற கைகள் திரும்பவும் சோற்றைப் பிசைந்தன. முதலாளியின் கைப்பக்குவம் இல்லை என்று நாளும் குறைப்பட்டவர்கள், அந்தத் துடக்குச் சோற்றைத் தலையைக் குனிந்து தின்றுகொண்டு இருந்தார்கள்.

நானா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"நாங்கள் இருந்து சாப்பிடுறம், பிள்ளை" என்றார். "நீ போய் அழு."

நான் உள்ளே போனேன்.